இன்றைய புத்தி செலவாகிவிட்டது

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது என் சம்பந்தியம்மா. என் சின்ன மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்த அன்று, ஆஸ்பத்திரி பெஞ்சில் நாங்கள் இரண்டு பேரும் ஒட்டி உட்கார்ந்து, ஆளுக்கொரு பக்கம் மனசுக்குள் கடவுளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். உள்ளேயிருந்து ஒரு சேதியும் வரவில்லை. "சும்மா உட்கார்ந்தா பயம்தான் வரும். என் தம்பி கதையைச் சொல்றேன், கேளுங்க" என்று ஆரம்பித்தார். பாதிக் கதையில் பேத்தி பிறந்துவிட்டாள். மீதிப் பாதியை வீட்டுக்கு வந்தபிறகு, துணி மடித்துக்கொண்டே கேட்டேன்.

சம்பந்தியம்மாவின் தம்பிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் அக்காவுக்குத் தம்பி தம்பிதானே. நானும் தம்பி என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

தம்பிக்குப் பூங்காத் துறையில் கண்காணிப்பாளர் வேலை. ஊருக்கு நடுவிலிருந்த பொதுப் பூங்கா அவர் பொறுப்பு. முன்பக்கம் மாடி வைத்த அலுவலகம். பின்பக்கம், மதிலை ஒட்டித் தாழ்வான இடத்தில், அவர் குடியிருக்கத் துறை கொடுத்த வீடு. அதில் அவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் முடிக்க இரண்டு வருஷம் இருந்த மகள். நல்ல மனுஷர். நடைபாதையில் எறும்பு வரிசை போனால் நின்று வழிவிடுவார். ஒரே ஒரு பலவீனம்: மேலிடத்திலிருந்து காகிதம் வந்தால், உறையைப் பிரிப்பதற்கு முன்பே எழுந்து நின்றுவிடுவார்.

துறைக்கென்று ஒரு விதிப்புத்தகம் இருந்தது. அதன் முதல் விதி: "பூங்காவிலுள்ள ஒவ்வொரு செடிக்கும், ஒவ்வொரு நாளும், காலை முதல் மதியம் வரை, இத்துறையால் நீர் ஊற்றப்படுதல் வேண்டும்." எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார். வெயில் காலத்தில் எழுதியிருப்பார் போலிருக்கிறது.

ஒரு மழைக்காலக் காலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. தோட்டக்காரர் ரப்பர் குழாயைத் தோளில் சுருட்டிப் போட்டுக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்.

"ஐயா, ஊத்தவா?"

"இந்த மழையிலயா? பைத்தியமா உனக்கு? போய் ஒரு டீ குடி, போ" என்றார் தம்பி.

மேலே யாரையும் கேட்காமல் அவர் போட்ட முதல் உத்தரவு அதுதான். அந்த வாரக் கடைசியில் மெமோ வந்தது. அன்றைய தினம் செடிகளுக்கு நீர் ஊற்றப்படாதது இவ்வலுவலகத்தின் கவனத்துக்கு வந்துள்ளதாகவும், வாயில்லாச் செடிகளைத் தாகத்தில் தவிக்கவிட்டதற்காகத் தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் அளிக்குமாறும் எழுதியிருந்தது.

தம்பி, "அன்று மழை பெய்தது" என்று பணிவோடு எழுதி அனுப்பினார்.

"மழை பெய்ததாகத் தாங்கள் கூறுவது கவனிக்கப்பட்டது. எனினும் மழை இத்துறையால் வழங்கப்படும் நீர் அல்ல. அதன் வருகை, அளவு, நன்னடத்தை ஆகியவற்றுக்கு இத்துறை பொறுப்பேற்க இயலாது" என்று பதில் வந்தது.

தம்பி மாடியேறி அதிகாரியைப் பார்க்கப் போனார். அதிகாரி கெட்டவர் இல்லை. விதிப்புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர், அவ்வளவுதான்.

"சார், செடியெல்லாம் நல்லா நனைஞ்சிருந்துது சார்."

"நனைஞ்சது வேற, ஊத்தினது வேற. நான் ஒன்னு கேக்கறேன், பதில் சொல்லுங்க. மழை நம்ம தண்ணியா?"

"இல்லைங்க சார்."

"நம்ம ஆள் ஊத்தினாரா?"

"இல்லைங்க."

"சரி. நாளைக்கு மழை சொல்லாம கொள்ளாம லீவு போட்டுட்டா, அதுக்கு மெமோ குடுக்க முடியுமா நம்மால?"

"முடியாதுங்க."

"மெமோ குடுக்க முடியாத ஒருத்தர்கிட்ட நம்ம வேலையை ஒப்படைக்கலாமா?"

"கூடாதுங்க" என்றார் தம்பி. வேறென்ன சொல்வது?

"இந்த ஒரு தடவை போகட்டும். இன்னொரு மெமோ வந்தா, செடியில்லாக் கிளைக்கு மாத்திடுவேன். அப்புறம் எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

செடியில்லாக் கிளையின் பேரைத் துறையில் யாரும் உரக்கச் சொல்லமாட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மணல். அங்கே துறைக்கு அலுவலகம் உண்டு, நாற்காலி உண்டு, கண்காணிப்பாளர் உண்டு. செடி மட்டும் கிடையாது. செடி நட அனுமதி இன்னும் வரவில்லை. தண்ணீர் ஊற்ற அனுமதி வந்துவிட்டது. அதனால் தினமும் மணலுக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் தம்பியின் மனைவி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார்.

"இவளுக்கு அடுத்த வருஷம் கடைசிப் பரீட்சை. இப்ப போய் மணல்ல பள்ளிக்கூடம் தேடச் சொல்றீங்களா?"

"நான் என்ன பண்ணட்டும்? மழை பெய்யுதேன்னு சொன்னேன்."

"உண்மையைச் சொன்னீங்களா? ஆபீஸ்லயா? ஏங்க, இத்தனை வருஷம் அங்க என்னதான் கத்துக்கிட்டீங்க?"

அடுத்த மழைக்குத் தம்பி தயாராக இருந்தார். தோட்டக்காரர் ஒரு கையில் குடையும் மறு கையில் குழாயுமாக மழையில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார். ஆனால் குழாயை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும் என்று இன்னொரு விதி இருந்தது. அதனால் குடை பிடிக்கத் தனியாக ஒரு ஆள் கேட்டு எழுதினார்கள். வியப்பாக இருக்கும், உடனே அனுமதி வந்துவிட்டது. 'குடை உதவியாளர்' என்ற அந்த வேலைக்குத் தோட்டக்காரரின் மச்சானே வந்து சேர்ந்தார். இரண்டு பேரும் ஒரே குடைக்குக் கீழே, புதுசாகக் கல்யாணமானவர்கள் போல ஒட்டிக்கொண்டு, கொட்டுகிற மழையில் செடிசெடியாகப் போய்த் தண்ணீர் ஊற்றினார்கள். ரோஜாச் செடிகள் வேர் அழுகிச் செத்தன. செத்த செடிகளுக்கும் ஊற்றினார்கள். 'உயிருள்ள' என்ற வார்த்தை விதியில் இல்லை.

பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு பெண் இதைக் கைப்பேசியில் படம் பிடித்து நாலு பேருக்கு அனுப்பினாள். நாலு பேர் நாற்பது பேருக்கு அனுப்பினார்கள். ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிப்புச் சத்தம் துறையின் தலைவர் காதுவரைக்கும் போனது. "நம்ம ஆளுங்களுக்குச் சொந்தப் புத்தியே இல்லையா? அதை உடனே வரவழைக்கணும். யார்கிட்ட கிடைக்கும்?" என்று கேட்டாராம்.

அந்தச் சமயத்தில் எல்லா அலுவலகங்களிலும் ஒரு மோஸ்தர் பரவியிருந்தது. கழுத்துப்பட்டை இல்லாத வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் வருவார். நாற்காலியையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு எல்லாரையும் தரையில் மெத்தை போட்டு உட்கார வைப்பார். மூச்சை இழுக்கச் சொல்வார், விடச் சொல்வார். போகும்போது எல்லாரும் புது மனிதர்களாகியிருப்பார்கள் என்று பேச்சு. அப்படி ஒருவரைப் பூங்காத் துறையும் வரவழைத்தது.

"விதியை மறந்துடுங்க" என்றார் அவர், மென்மையான குரலில். "கண்ணை மூடுங்க. உங்களுக்குள்ள ஒரு குரல் இருக்கு. கேக்குதா?"

ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலமே இருந்த தலைமை எழுத்தர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "கேக்குது சார். டீ ஆறுதுன்னு சொல்லுது."

"அருமை! இனிமே நீங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா, சுதந்திரமா யோசிக்கணும். எங்க, எல்லாரும் என் பின்னால சொல்லுங்க: நான் சுதந்திரமா யோசிக்கிறேன்!"

"நான் சுதந்திரமா யோசிக்கிறேன்!"

"சேர்ந்து வரலை. இன்னொரு தடவை."

தம்பிக்கு மட்டும் அந்த வகுப்பு உண்மையிலேயே பிடித்துவிட்டது. மூச்சை உள்ளே இழுத்தபோது நெஞ்சில் இருந்த கல் ஒன்று இறங்கியது போல இருந்ததாம். வீட்டுக்கு வந்து, "இனிமே கவலை இல்லை. மழை பெஞ்சா தண்ணி ஊத்த வேண்டாம். நம்ம புத்திக்குப் பட்டதைச் செய்யலாம்" என்றார்.

"யாரு சொன்னா?"

"மேலிடத்துலதான்."

"அப்ப சரி" என்று அவர் மனைவி சொன்னார். ஆனால் முகம் தெளியவில்லை.

அடுத்த வாரமே சுற்றறிக்கை வந்தது. தலைப்பு: 'சொந்தப் புத்திப் பயன்பாட்டுத் திட்டம்.' துறையின் பணியாளர்கள் அனைவரும் நாளொன்றுக்கு ஒரு முறை கட்டாயமாகத் தங்கள் சொந்தப் புத்தியைப் பயன்படுத்த வேண்டும். பயன்படுத்திய விவரத்தைக் காலை வேலை தொடங்கிய உடனே மேலே தெரிவிக்க வேண்டும். சொந்தப் புத்தியானது துறை முழுவதும் ஒரே சீராக இருத்தல் நலம். மேலதிகாரியின் புத்திக்கு மாறாக இருப்பது சொந்தப் புத்தியாகக் கருதப்படமாட்டாது. ஒருமுறைக்கு மேல் பயன்படுத்துவது ஆடம்பரம். முன் அனுமதியின்றிச் செய்தால் மெமோ. எல்லாரும் சட்டையில் குத்திக்கொள்ள வட்டமான பேட்ஜ் ஒன்றும் வந்தது: 'நான் யோசிக்கிறேன்.' குடை உதவியாளர் ஒருநாள் அதை மறந்துவிட்டு வந்தார். 'யோசிக்காமல் வேலைக்கு வந்தார்' என்று அவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

எப்படியோ, மழைக்காலம் முடியும்வரை தம்பிக்குத் திட்டம் கைகொடுத்தது. காலையில் மழை பெய்தால், அன்றைய புத்தியைத் தண்ணீர் ஊற்றாமல் இருக்கப் பயன்படுத்திக்கொண்டார். செடிகள் பிழைத்துக்கொண்டன. அதிகாரியும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வெயில் வந்ததும்தான் சிக்கல். மழையும் இல்லை, பிரச்சினையும் இல்லை. புத்தியை எதற்குப் பயன்படுத்துவது? பயன்படுத்தாவிட்டால் அதற்கும் மெமோ. தம்பி தலையைச் சொறிந்தார். பூங்காவில் வெயிலில் கிடந்த ஒரு பெஞ்சை நிழலுக்கு மாற்றச் சொன்னார். 'பெஞ்சு நிழலுக்கு மாற்றப்பட்டது' என்று மேலே தெரிவித்தார். பாராட்டு வந்தது. மறுநாள் என்ன செய்வது? அதே பெஞ்சை வெயிலுக்கு மாற்றினார். 'குளிர்ச்சியால் ஏற்படக்கூடிய உடல்நலக் கேடு தவிர்க்கப்பட்டது.' அதற்கும் பாராட்டு. இப்படிப் பெஞ்சு தினமும் நிழலுக்கும் வெயிலுக்குமாக நடந்துகொண்டிருந்தது. காலையில் பேப்பர் படிக்க வருகிற பெரியவர் ஒருவர் முதலில் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். அப்புறம் அலுத்துப்போய் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டார். அவரையும் சேர்த்தே தூக்கி வைத்தார்கள்.

மாடியிலும் இதே கதைதான். அதிகாரி தினமும் எந்தச் சட்டை போடுவது என்பதில் தம் புத்தியைச் செலவு பண்ணினார். தலைமை எழுத்தர் மட்டும் செலவே பண்ணவில்லை. லீவு போல இதையும் சேர்த்து வைக்கலாம் என்று எழுதிக் கேட்டு அனுமதி வாங்கிவிட்டார். மெமோ அவரைத் தொட முடியவில்லை.

"ஓய்வு பெறும்போது மொத்தமா எடுத்துக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

"எடுத்து?"

"அதை அப்ப யோசிக்கலாம்."

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மறுபடியும் மழைக்காலம் வந்தது. அன்று காலையில் வானம் கழுவிவிட்ட தட்டு மாதிரி இருந்தது. தம்பி வழக்கம்போலப் பெஞ்சை வெயிலுக்கு மாற்றி, மேலே தெரிவித்துவிட்டு உட்கார்ந்தார். தோட்டக்காரர் குழாயைத் திறந்து தண்ணீர் ஊற்றத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் எங்கிருந்தோ மேகம் திரண்டு வந்து, குடத்தைக் கவிழ்த்துவிட்ட மாதிரி கொட்ட ஆரம்பித்தது.

தோட்டக்காரர் ஓடி வந்தார். "ஐயா, குழாயை நிறுத்திடவா?"

தம்பி வாயைத் திறந்தார். உடனே மூடிக்கொண்டார். "நிறுத்தறதுக்குப் புத்தி வேணுமே. இன்னிக்கு உள்ளதைப் பெஞ்சுக்குப் போட்டுட்டேன். மதியம்வரைக்கும் ஊத்து."

மழை ஒரு பக்கம், குழாய் ஒரு பக்கம். புல்தரை குளமாயிற்று. பூங்காவின் பின்கோடியில் மதிலுக்கடியில் ஒரு வடிகால் இருந்தது. அதைக் கனமான மரப்பலகை ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. துறையின் தண்ணீர் வீணாக வெளியே ஓடிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பலகை. மேலே இரும்புக் கைப்பிடி உண்டு. பிடித்துத் தூக்கினால் தண்ணீரெல்லாம் வெளியே பெரிய கால்வாய்க்குப் போய்விடும். தூக்காவிட்டால் போகிறதற்கு ஒரே இடம்தான் இருந்தது: தாழ்வாக இருந்த தம்பியின் வீடு.

தம்பி முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கைப்பிடியைப் பிடித்தார். பிடித்தபடியே நின்றார். வீட்டு ஜன்னலில் மகள் தெரிந்தாள். புத்தகக் கட்டை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா! தண்ணி உள்ள வருதுப்பா! கட்டில் காலெல்லாம் முங்கிடுச்சு!" என்று கத்தினாள்.

ஆனால் தம்பியின் மனசில் செடியில்லாக் கிளையின் மணல் மட்டும் பரந்து கிடந்தது. தூக்கினால் மெமோ. மெமோ வந்தால் மாற்றல். மாற்றல் வந்தால் மகளின் படிப்பு. மகளின் படிப்பைக் காப்பாற்றத்தான் மகளின் வீட்டுக்குள் தண்ணீர் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கணக்குப்படி அது சரியாகத்தான் இருந்தது.

"இருடா கண்ணு! மேல கேட்டுட்டு வந்துடறேன்!" என்று கத்திவிட்டு மாடிக்கு ஓடினார்.

அதிகாரி ஜன்னலோரம் நின்று மழையை ரசித்துக்கொண்டிருந்தார்.

"சார், பலகையைத் தூக்கணும் சார். வீட்டுக்குள்ள தண்ணி போகுது."

"உங்க இன்னிக்குப் புத்தி?"

"பெஞ்சுக்குப் போயிடுச்சு சார். நாளைய புத்தியை இன்னிக்கே முன்பணம் மாதிரி எடுத்துக்க முடியுமா சார்?"

"அதெப்படி? நாளைக்கு உங்களுக்குப் புத்தி இருக்கும்னு என்ன நிச்சயம்?"

"அப்ப நீங்களாவது ஒரு உத்தரவு போடுங்க சார்."

அதிகாரி தம் சட்டையைத் தொட்டுக் காட்டினார். கட்டம் போட்ட நீலச் சட்டை. "காலைல இதுக்கே ஆயிடுச்சுய்யா." ஆனாலும் அவருக்கும் மனசு கேட்கவில்லை. விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "நம்ம தண்ணியை வெளிய விடக் கூடாது. மழைத் தண்ணின்னா நமக்குச் சம்பந்தம் இல்லை, தாராளமா விடலாம். கீழ நிக்கறதுல எது நம்மது, எது மழையோடது? பிரிச்சுக் காட்டிட்டீங்கன்னா, மழையோடதை மட்டும் இப்பவே விட்டுடலாம்."

"எல்லாம் ஒன்னாக் கலந்து நிக்குது சார்."

"அதான் பாத்தீங்களா? நீங்க ஒழுங்கா வெச்சுக்கலை."

ஓரத்தில் உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தரிடம் தம்பி கையெடுத்துக் கும்பிடாத குறையாகக் கேட்டார். "அண்ணே, உங்ககிட்ட நிறைய இருக்கே. ஒன்னே ஒன்னு கடனாத் தாங்கண்ணே."

"என்கிட்ட இருக்குப்பா. ஒன்னுகூடச் செலவாகலை, புதுசா அப்படியே இருக்கு" என்றார் தலைமை எழுத்தர் பரிதாபமாக. "ஆனா ஒருத்தர் புத்தியை இன்னொருத்தர் பேருக்கு மாத்த வழி இல்லையே."

தம்பி திரும்பி ஓடி வந்தார். பூங்காவில் அப்போது இப்படி இருந்தது காட்சி: தோட்டக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, முழுகிப்போன செடிகளுக்குக் குறி பார்த்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மச்சான் குடை பிடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் படிக்கிற பெரியவர் பெஞ்சின் முதுகின்மேல் ஏறி உட்கார்ந்து, யாராவது வந்து நிழலுக்குத் தூக்கி வைக்கமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லார் சட்டையிலும் 'நான் யோசிக்கிறேன்' பளபளவென்று மின்னியது.

தம்பியின் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையில் அரிசி டின்னோடு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார்.

"என்னங்க, இந்தப் பலகையைத் தூக்கினா தண்ணி போயிடுமா?"

"போயிடும்."

"அப்புறம் ஏன் நிக்கறீங்க?"

"இன்னிக்குப் புத்தி முடிஞ்சுடுச்சும்மா."

"அது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டு, அரிசி டின்னைத் தூக்கிப் பெஞ்சிலிருந்த பெரியவர் மடியில் வைத்தார். இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, கடவுளே என்று ஒரே இழுப்பு. பலகை வந்துவிட்டது. தண்ணீர் ஓவென்று கால்வாய்க்கு ஓடியது. துறையுடையதும் மழையுடையதும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமல் ஒன்றாகவே போயின. போகிற வழியில் குழாயையும் மூடினார். டின்னை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மாடி ஜன்னலிலிருந்து கைதட்டல் கேட்டது. அதிகாரிதான். பிறகு அது விதியில் உண்டா என்று சந்தேகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் விசாரணை. தம்பி அன்றைய புத்தியைப் பெஞ்சுக்குச் செலவு பண்ணாமல் பத்திரமாக எடுத்துக்கொண்டு போனார். தேவைப்படவில்லை.

"பலகையைத் தூக்கினது யாரு?"

"என் சம்சாரம் சார்."

"அவங்க நம்ம துறையா?"

"இல்லைங்க சார்."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "அப்ப துறையில ஒருத்தர்கூட விதியை மீறலை!" உட்கார்ந்து அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையின் ஒரு வரியைச் சம்பந்தியம்மா மனப்பாடமாகச் சொன்னார்: "கண்காணிப்பாளரின் மனைவி என்பவர், மழையைப் போலவே, இத்துறையால் வழங்கப்படாத, இத்துறையின் கட்டுப்பாட்டுக்கு அடங்காத ஓர் இயற்கை நிகழ்வு ஆவார்."

மேலிடம் நெகிழ்ந்துபோனது. சொந்த வீடு மூழ்கும் தறுவாயிலும் சொந்தப் புத்தியைப் பயன்படுத்தாமல் கட்டுப்பாடு காத்த மாமனிதர் என்று சொல்லித் தம்பிக்குப் பதவி உயர்வு கொடுத்தது. வெள்ளைச் சட்டைக்காரர் வந்து மாலை போட்டார். அவருடைய அடுத்த வகுப்பில் தம்பியைப் பற்றித்தான் பேசினாராம்.

தம்பி உத்தரவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி ஈரப் பாயை மதிலில் உலர்த்திக்கொண்டிருந்தார். மகள் மின்விசிறிக்குக் கீழே புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"பதவி உயர்வு வந்துடுச்சு. மாற்றல் இல்லை. இனிமே மாடியிலதான் வேலை. வீடும் மேட்டுல குடுக்கறாங்க."

"என்ன பண்ணினதுக்குக் குடுத்தாங்க?"

தம்பி உத்தரவை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "ஒன்னும் பண்ணாததுக்கு."

மகள் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு பக்கங்களை ஊதி ஊதிப் பிரிக்க ஆரம்பித்தாள். அந்தப் பார்வைதான் இன்றுவரைக்கும் உறுத்துகிறதாம் தம்பிக்கு. அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

ஆனால் உறுத்தல் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம். மேலிடம் ஒரு புதுச் சுற்றறிக்கை போட்டது. வெள்ள காலத்தில் பூங்காக் கண்காணிப்பாளர்கள் தத்தம் மனைவியரை வரவழைத்துக்கொள்ளலாம். மனைவி வந்து சேரும்வரை எதையும் தொடக் கூடாது. அந்த வருஷமே பூங்காவுக்குப் புதுக் கண்காணிப்பாளர் ஒருவர் வந்தார். சின்ன வயசு. பழைய தாழ்வான வீட்டில் தாயாரோடு குடியிருந்தார். முதல் பெருமழையன்று மேலே அவசரமாக எழுதிக் கேட்டார்: "வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது. எனக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை. என்ன செய்யட்டும்?"

காகிதம் மாடியில் தம்பியின் மேஜைக்கு வந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் பூங்கா தெரியும், பலகை தெரியும், அந்தக் கைப்பிடியும் தெரியும். தம்பி எல்லாவற்றையும் பார்த்தார். அன்றைய புத்தி கையில் முழுசாக மிச்சமிருந்தது. ஓய்வு பெறும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அவரும் சேர்த்து வைக்கத் தொடங்கியிருந்தார். பேனாவை எடுத்து எழுதினார்:

"தங்கள் நிலை அனுதாபத்துடன் கவனிக்கப்பட்டது. திருமணம் ஆகும்வரை பொறுத்திருக்கவும்."

கதையைச் சொல்லி முடித்துவிட்டுச் சம்பந்தியம்மா, "என் தம்பி நல்லவன்தான்" என்றார். நானும் ஆமாம் என்றேன். அவரைப் போல நல்லவர்கள் இல்லாத வீடு எது? நீங்களும் நல்லவர்தான். இல்லாவிட்டால் இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்டிருப்பீர்களா?

நான் உங்களுக்குப் பாதிக் கதை சொல்லும்போதே இங்கே தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. எதிர்வீட்டு மொட்டைமாடிக் கொடியில் துணி கிடப்பது ஜன்னல் வழியாக நன்றாகத் தெரிகிறது. நீங்களும் இரண்டு தரம் பார்த்தீர்கள், நானும் பார்த்தேன். அவர்கள் வெளியூர் போயிருக்கிறார்கள். மாடிப்படிக் கதவு சும்மாதான் சாத்தியிருக்கும். கொஞ்சம் போய் அந்தத் துணியை எடுத்து உள்ளே போட்டுவிட்டு வந்துவிடுங்களேன்.